மறுவாசிப்பில் மேரி எலனைப் பார்த்துச் சிரிக்க முடிகிறதா?

மஞ்சக்குப்பம் வாசகி:
புதுச்சேரியில் எங்கள் வாசிப்பு வட்டம் இந்த மாதம் பில் பிரைசனின் 'எ வாக் இன் த வுட்ஸ்' (1998) நூலை எடுத்திருக்கிறது. செஞ்சிக் கோட்டை ஏறியதையே வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும் கூட்டம் நாங்கள். பிரைசன் இதில் நடந்து பார்க்கும் அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைப்பாதையோ ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்கள், சுமார் 3,500 கிலோமீட்டர்.

கடலூர் பஸ்ஸில் மறுபடி படித்தேன். கூட நடக்கும் நண்பர் கேட்ஸ் இன்றும் சிரிக்க வைக்கிறார். சுமை தாங்காமல் முதல் நாளே தின்பண்டங்களை வீசுகிறார். காபி வடிகட்டும் தாளையும் விடவில்லை. அதில் என்ன கனம் என்று கேட்டால், வீசுவதற்கு வாகாக இருந்ததாம், எங்கும் பறந்ததாம்! அப்புறம் கழிப்பறைத் தாளில்தான் காபி வடிகிறது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கை அம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

ஆனால் வழியில் ஒட்டிக்கொள்ளும் மேரி எலன்? ஓயாத பேச்சு, பீற்றல், எல்லாம் சரி. இரண்டு ஆண்கள் சேர்ந்து அவரைக் கழற்றிவிடும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்ஸைக் கேலி செய்தால் அவர் திருப்பிக் கொடுப்பார். இவர் பக்கத்தைச் சொல்ல ஆளில்லை. இதை எப்படிப் பேச்சுக்கு எடுப்பது?

லாஸ்பேட்டை நடையர்:
எதிலும் குறை காணும் ஒருவரோடு மலையேறிப் பாருங்கள் அம்மா, இரக்கம் முதல் திருப்பத்திலேயே கரைந்துவிடும். விட்டுவிட்டு வந்தபின் இருவருக்கும் மனம் உறுத்துகிறதே, அந்தப் பக்கங்களையும் சேர்த்துப் படியுங்கள்.

பண்ருட்டிக்காரன்:
மேரி எலனை விடுங்கள். நூலில் வரும் செஸ்ட்நட் மரங்களைப் பற்றிப் பேசுங்கள். 1904இல் நியூயார்க்கில் கண்ட பூஞ்சை நோய், சில பத்தாண்டுகளில் அந்தக் காடுகளின் பெருமரத்தையே அழித்துவிட்டது. 2011 டிசம்பரில் தானே புயலுக்கு மறுநாள் எங்கள் பலாத்தோப்பைப் பார்த்தவன் நான். முதல் வாசிப்பில் புரட்டித் தள்ளிய அத்தியாயம், இப்போது நெஞ்சை அடைக்கிறது.

மஞ்சக்குப்பம் வாசகி:
நடையர் ஐயா, உறுத்தல் வருகிறது, உண்மைதான். ஆனால் அதையும் பிரைசன்தானே எழுதுகிறார்! அந்த அத்தியாயத்தை உரக்கப் படிக்கச் சொல்லி, யார் எங்கே சிரிக்கிறார்கள் என்று கவனிக்கப்போகிறேன். பண்ருட்டிக்காரரே, ஞாயிறு மாலை பாரதி பூங்காவுக்கு வாருங்கள். செஸ்ட்நட் உங்கள் பொறுப்பு.