கைடு "பிரித்துப் பார்" என்கிறார், செய்யலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
உளவியல் பிஎச்.டி., மூன்றாம் வருடம். எங்கள் ஊர்ப்பக்கம் அறுபது தாண்டிய 118 பேரிடம் தனிமை பற்றி சர்வே எடுத்தேன். மகன் வீட்டில் இருப்பவர்களுக்குத் தனிமை குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். வித்தியாசமே இல்லை. "ஆண், பெண், துணையை இழந்தவர், தோப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துப் பார், எதிலாவது p மதிப்பு (உண்மையில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் தற்செயலாக இந்த அளவு தெரியும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே, சிக்னிஃபிகண்டாக வரும்" என்கிறார் கைடு. வரும்தான். அதுதான் உறுத்துகிறது.

சித்தூர் மாஷ்:
நானும் ஒரு காலத்தில் அப்படிப் பிரித்தவன்தான். ஒன்றுமே இல்லாத இடத்தில் தனித்தனியாக 20 சோதனை போட்டால், ஒன்றாவது 0.05-க்குக் கீழே விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. 2011-இல் சிமன்ஸ், நெல்சன், சிமன்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு பாட்டைக் கேட்டவர்களுக்கு வயதே ஒன்றரை வருடம் குறைந்ததாகக் கணக்கில் காட்டினார்கள். இந்த வித்தையைக் கிண்டலடிக்கத்தான். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் மறுபடி சிக்னிஃபிகண்ட் ஆனது. பிரித்துப் பாரம்மா, தப்பில்லை. எத்தனை விதமாகப் பிரித்தாய் என்பதையும் தீசிஸில் எழுதிவிடு.

வேலந்தாவளத்தான்:
கணக்கு இருக்கட்டும் மாஷே. தங்கச்சி, கேள்வித்தாள் எந்த மொழியில்? கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? சர்வேக்காக வீடு வீடாக அலைந்தவன், அதனால் கேட்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
ஆங்கிலத்திலிருந்து மலையாளத்துக்குப் போனதை நான் தமிழாக்கினேன். தனிமைக்கு மலையாளத்தில் "ஏகாந்தத" என்று இருந்தது, "ஏகாந்தம்" என்று போட்டுவிட்டேன். ஒரு பாட்டி, "ஏகாந்தமா? அதுக்கு மலைக்கோயிலுக்குத்தான் போகணும் கண்ணு" என்றார். அப்போது சிரித்துவிட்டு 1, அதாவது "இல்லவே இல்லை" என்று குறித்தேன். இப்போது வயிறு கலங்குகிறது. பெரும்பாலான வீடுகளில் மருமகள் நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

வேலந்தாவளத்தான்:
அப்புறம் எப்படி வித்தியாசம் வரும்? மருமகள் காதுபட எந்தப் பாட்டி "பேச ஆளில்லை" என்பார்? முதலில் பத்துப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள். திருத்திய தாளோடு புது ஆட்களிடம் போங்கள். ஒவ்வொரு தாளிலும் யார் கூட இருந்தார் என்று ஒரு கட்டம் வையுங்கள்.

சித்தூர் மாஷ்:
போகும் முன் என்ன எதிர்பார்க்கிறாய், எதை எதோடு ஒப்பிடப் போகிறாய் என்று ஆய்வுத் திட்டங்களைப் பதிந்து வைக்கும் ஓஎஸ்எஃப் இணையதளத்தில் தேதியோடு பதிந்துவிடு. கைடு வேறு மாதிரி கேட்டால் அதைக் காட்டலாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
சரி மாஷே. ஆனால் மருமகளை எப்படி நகர்த்துவது?

வேலந்தாவளத்தான்:
டீ கேளுங்கள். பத்து நிமிடம் கிடைக்கும்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
இன்று ஒரு வீட்டில் கேட்டேன் அண்ணா. பாட்டிதான் எழுந்து அடுப்படிக்குப் போனார்.