முன்முற்றத்துப் புல் பாய்போலப் பெயர்ந்து வருகிறது: நாளைக் காலைக்குள் ஆலோசனை தேவை

புதுமனையாள்: அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. பத்து நாட்களாக முன்முற்றத்துப் புல் திட்டுத்திட்டாகப் பழுத்துக்கொண்டிருந்தது; இன்று காலையில் கையால் பற்றி இழுத்தபோது, பாயைச் சுருட்டுவது போல வேரில்லாமல் பெயர்ந்து வந்துவிட்டது. இரவில் ஏதோ ஒரு பிராணி வந்து தோண்டிப் போடுகிறது. முன்னால் நிற்கும் மரத்தின் இலைகளிலும் கறுப்பு விழுந்திருக்கிறது. வீதியோடு வந்த ஒருவர், பழைய புல்லை அகற்றிப் புதுப்புல் பதித்து, மருந்தடித்து, மரத்தையும் வெட்டித் தருவதற்கு 3,800 டாலர் கேட்கிறார். முற்பணம் வாங்க நாளை காலை ஒன்பது மணிக்கு வருவார். தென்னையும் முருங்கையும் வளர்த்த எனக்கு இந்தப் புல்லைப் பற்றி எதுவுமே தெரியாது. கணவர் இரவு வேலைக்குப் போய்விட்டார். தயவுசெய்து யாராவது வழி சொல்லுங்கள்.

சிட்னிவாசி: தங்கச்சி, பதற வேண்டாம். செப்டம்பரில் வசந்தம் இப்போதுதான் தொடங்குகிறது. குளிரில் உறங்கிய புல் பழுப்பாகத்தான் இருக்கும். மெதுவாகக் கரையும் எருவைத் தூவித் தண்ணீர் விட்டால் தானாகவே பச்சை பிடிக்கும். நான் வந்த முதலாண்டில் எவரையும் கேட்காமல் கடும் கோடையில் எருவை அள்ளிப் போட்டு, ஒரே வாரத்தில் முற்றம் முழுவதையும் எரித்துவிட்டேன். அந்த மனவருத்தம் இன்றும் இருக்கிறது.

பழைய_ஸ்காபரோ: டாலர் என்றதும் ஆஸ்திரேலியா என்று முடிவுகட்ட வேண்டாம், இவர் கனடாவில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நான் 1989 தை மாதத்தில் வந்து, ஒரு நிலவறையில் ஐந்து பேருடன் இருந்தேன். வாடகையில் சிறிது குறைப்பதற்காக, வீட்டுக்காரரின் வாசலில் பனி அள்ளி, மிச்சப் பனி உருக உப்புத் தூவுவது என் வேலையாக இருந்தது. வழுக்கி விழுந்தால் என்னைக் குறை சொல்வார்களே என்ற பயத்தில் பிடிபிடியாக வீசினேன். பனி கரைந்தபோது வாசலோரப் புல் ஒரு முழ அகலத்துக்குச் செத்துக் கிடந்தது. வீட்டுக்கார அம்மா ஆசையாக வளர்த்த லைலாக் செடியும் ஒரு பக்கம் துளிர்க்கவேயில்லை. ஆகவே உப்பைக் குறையுங்கள். புல்லுக்கு நாள்தோறும் மாலையில் தண்ணீர் விடுங்கள்.

வளவுக்காரன்: அண்ணா சொல்வதில் தண்ணீர் விஷயத்தை நான் ஏற்கமாட்டேன். நாள்தோறும் சிறிது சிறிதாக விட்டால் வேர் மேலேயே நின்றுவிடும். ஒரு வெற்று மீன் டின்னைப் புல்லின் நடுவே வையுங்கள். மழையும் சேர்த்து வாரத்துக்கு 2.5 சென்டிமீட்டர் நிரம்பினால் போதும், அதையும் அதிகாலையில் விடுங்கள். புல்லை ஏழு, எட்டு சென்டிமீட்டருக்குக் கீழே வெட்ட வேண்டாம்.

கிளிநொச்சிப்பிள்ளை: இரண்டு வேலை பார்த்துக் கடன் கட்டுகிறோம்; அதற்கு மேல் இந்தப் புல்லுக்கும் சேவகம் செய்ய வேண்டியிருக்கிறது. கடந்த ஆண்டு என் தாயார் மருத்துவமனையில் இருந்தபோது மூன்று வாரம் புல் வெட்ட முடியவில்லை. என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல், அயலவர் நகரசபைக்கு முறையிட்டுவிட்டார். கீரை விதைக்கக்கூடிய நிலத்தில் ஆடுமாடும் தின்னாத புல்லை ஏன் வளர்க்கிறோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பழைய_ஸ்காபரோ: உண்மைதான் தம்பி. முன்பெல்லாம் அயலவர் கதவைத் தட்டிச் சொல்வார்கள்.

மேப்பிள்நிழல்: இந்தப் பிள்ளைக்கு விடிவதற்குள் பதில் வேண்டும், மற்றதைப் பிறகு பேசுவோம். நான் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை செய்கிறேன். அம்மா, எந்த நகரம்? வீடு சொந்தமா, வாடகையா? அந்த மரம் நடைபாதைக்கு உள்ளே நிற்கிறதா, வீதிப் பக்கமா? ஒரு மண்வெட்டியால், பழுப்புத் திட்டின் ஓரத்தில் பச்சை தொடங்கும் இடத்தில், ஓரடிச் சதுரத்தை மூன்று பக்கம் வெட்டி மூடியைப் போலத் திறந்து, உள்ளே இருப்பதை எண்ணிச் சொல்லுங்கள்.

புதுமனையாள்: இவற்றை முதலிலேயே எழுதாததற்கு மன்னியுங்கள். நாங்கள் டொராண்டோ நகரத்தின் ஸ்காபரோ பகுதியில் இருக்கிறோம், வீடு சொந்தம். மரம் நடைபாதைக்கும் வீதிக்கும் இடையில் நிற்கிறது. இலைகளில் தார்த்துளி சொட்டியது போன்ற தடித்த கரும்புள்ளிகள். கைவிளக்கோடு போய் வெட்டிப் பார்த்தேன்: தலை பழுப்பாகவும் உடல் பால்வெள்ளையாகவும், அரைவட்டமாகச் சுருண்ட பதினான்கு புழுக்கள்.

மேப்பிள்நிழல்: மரத்தை வெட்ட விடாதீர்கள். அது நகரத்துக்குச் சொந்தமான மரம். அனுமதியின்றி வெட்டினால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். உங்கள் காணிக்குள் நின்றாலும், நிலத்திலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் 30 சென்டிமீட்டர் விட்டமோ அதற்கு மேலோ இருந்தால் டொராண்டோவில் அனுமதி வேண்டும். அந்தக் கரும்புள்ளி மேப்பிளில் வரும் ஒரு பூஞ்சை. பார்க்கத்தான் பயங்கரம், மரம் சாகாது. விழும் இலைகளை வாரி அகற்றினால் அடுத்த ஆண்டு குறையும். சந்தேகம் இருந்தால் நகரசபையின் தொலைபேசி எண் 311ஐ அழையுங்கள்.

புல்லின் வேரைத் தின்றது வண்டின் இளம்புழு. அதைத் தேடித்தான் ஸ்கங்க்கும் ரக்கூனும் வருகின்றன. ஓரடிச் சதுரத்தில் நான்கைந்து இருந்தால் நல்ல புல் தாங்கும்; பதினான்கைத் தாங்காது. அழகுக்காகப் பூச்சிமருந்து அடிப்பதை நம் ஒன்ராறியோ மாகாணம் 2009 ஏப்ரலிலிருந்து தடைசெய்திருக்கிறது. ஆகவே அந்த மனிதரிடம் மருந்தின் பெயரையும் அவருடைய உரிமத்தையும் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நெமட்டோட் எனப்படும் நுண்ணிய நூற்புழுக்களைத் தோட்டக்கடையில், குளிர்பெட்டியில் வைத்திருந்த பொதியாகப் பார்த்து வாங்குங்கள். அவை உயிருள்ளவை, வெயிலிலும் காய்ந்த மண்ணிலும் செத்துவிடும். முதலில் மண்ணை நன்றாக நனைத்து, பொழுது சாய்ந்த பின் நீரில் கலந்து தெளித்து, மீண்டும் நனைத்து, இரண்டு வாரம் ஈரம் காயாமல் பாருங்கள். இந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் வளவுக்காரன் தம்பியின் வாரக் கணக்கு பொருந்தாது. புழு இப்போது சிறிதாக, மேலாக இருப்பதால் தாமதிக்க வேண்டாம். வெற்றிடங்களைக் கிளறி இந்த மாதத்துக்குள்ளேயே விதை தூவுங்கள். குளிர்ப்பிரதேசப் புல்லுக்கு வசந்தத்தைவிட, இங்கே இலையுதிர்காலம் தொடங்கும் இந்த நேரமே நல்ல பருவம்.

புதுமனையாள்: அவரை வர வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டேன். ஒரு கேள்வி மட்டும்: வாசலோரம் வேலியாக நிற்கும் சீடர் செடிகளின் உட்புறமும் பழுத்திருக்கிறது. அதற்கும் புழுவா?

மேப்பிள்நிழல்: உட்புறம் மட்டும் என்றால் இயல்பான உதிர்வு, நுனி பழுத்தால்தான் கவலை. இப்போது கத்தரிக்காமல், நிலம் உறையும்வரை வாரம் ஒருமுறை வேரில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். பழைய அண்ணா சொன்ன உப்பின் கேடு இங்கேதான் பொருந்தும்: குளிர்காலத்தில் வீதியிலிருந்து தெறிக்கும் உப்பு படாதபடி, வீதிப் பக்கத்தில் முளைக்கம்புகள் அடித்துச் சாக்குத்துணியைத் திரையாகக் கட்டுங்கள், செடியோடு ஒட்ட வேண்டாம். முளைகளை நவம்பர் நடுவுக்குள் அடித்துவிடுங்கள். நிலம் உறைந்த பிறகு அவை இறங்கமாட்டா.