மேனேஜர் இல்லாத 9 பேர் நிறுவனம்: வேலைமுறையை எழுதிவைக்கும்போது எதை எழுதுவது?

ஊடுபாவு (கேள்வி)

9 பொறியாளர்கள் உள்ள மென்பொருள் நிறுவனம். தொடங்கிய இருவரும் இன்றும் கோட் எழுதுகிறார்கள். மேனேஜர் என்று யாரும் இல்லை, சப்போர்ட்டுக்கும் தனி ஆள் இல்லை. ஓராண்டுக்குள் 15 பேர் ஆகப்போகிறோம். இதுவரை வாய்ப்பேச்சிலேயே ஓடிவிட்டது; இனி எழுதிவைத்தாக வேண்டும். "நேர்மை, தரம், பொறுப்புணர்வு" என்று எழுதினால் யாரும் மறுக்கப்போவதில்லை, யாருக்கும் உதவப்போவதும் இல்லை. முடிவை யார் எடுப்பது, கோட் ரிவியூ (ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் பார்ப்பது) எப்படி நடப்பது, இரவில் சர்வர் விழுந்தால் யார் எழுவது, இந்த மூன்றுக்கும் என்ன விதி வைக்கலாம்? அந்த விதி எந்த இடத்தில் உடையும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேரடி (பதில்)

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். 9 பேரில் இருவர் இருவராகச் சேர்த்தால் 36 ஜோடி. 15 பேரானால் 105. ஆள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பேச வேண்டிய வழிகள் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகின்றன. வாய்ப்பேச்சு தோற்பது இதனால்தான். யாருக்கோ அக்கறை குறைந்துவிட்டது என்று தேட வேண்டாம்.

இரண்டு நல்ல விஷயங்கள் மோதும்போது எதை விட்டுக்கொடுப்போம் என்று சொல்வதுதான் விழுமியம். "தரத்தில் சமரசம் இல்லை" என்பது ஏட்டுச் சுரைக்காய். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "டெஸ்ட் தோற்றுக் கிடக்கும்போது வெளியீட்டுத் தேதி வந்தால் தேதி நகரும். நகர்ந்ததை அன்று மாலைக்குள் வாடிக்கையாளரிடம் சொல்வது அந்த வேலையின் பொறுப்பாளர்." இதில் ஒரு விலை இருக்கிறது, அதைச் செய்ய ஓர் ஆளும் இருக்கிறார். நேற்றுச் சேர்ந்தவர்கூட யாரையும் கேட்காமல் இதை வைத்து முடிவெடுக்கலாம். விலை சொல்லாத வரிகளை அடித்துவிடுங்கள். ஐந்து வரி மிஞ்சினாலே நல்லது.

முடிவுகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு வாரத்தில் மாற்றிவிடக்கூடியவை (பிறர் எழுதிய ஆயத்தக் கோடான ஒரு லைப்ரரி, ஒரு ஸ்க்ரீனின் அமைப்பு) வேலையைச் செய்பவர் கையிலேயே இருக்கட்டும். குழுவில் ஒரு வரி சொல்லிவிட்டுச் செய்தால் போதும். டேட்டாபேஸ் அமைப்பு, வெளியாருக்குக் கொடுத்த ஏபிஐ (அவர்கள் மென்பொருள் நம்முடையதோடு பேசும் வழி), விலை, ஒப்பந்தம் போன்றவற்றுக்கு ஒரு பக்கக் குறிப்பு வேண்டும். என்ன பிரச்சினை, பார்த்த வழிகள் எவை, கைவிட்ட வழியை ஏன் கைவிட்டோம், முடிவெடுப்பவர் யார் (ஒரே ஒரு பெயர்), கருத்துச் சொல்லக் கடைசி நாள் எது. 2 வேலை நாள் போதும். அதற்குள் எதுவும் எழுதாதவர் ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

குறிப்புக்கு வரிசை எண் போட்டு, கோட் இருக்கும் ரெப்போவிலேயே வையுங்கள். முடிவு பின்னால் மாறினால் பழையதை அழிக்காமல், "இது 14ஆம் குறிப்பால் மாறியது" என்று மேலே ஒரு வரி. பிற்பாடு வந்து "இதை ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்று கேட்பவருக்கு விடை அந்தக் கைவிட்ட வழிப் பத்தியில்தான் இருக்கும். அவசரத்தில் எல்லோரும் எழுதாமல் விடுவதும் அதைத்தான்.

உடையும் இடம் நிறுவனர்தான். அவர் "சும்மா ஒரு யோசனை" என்று எழுதினாலும் மற்றவர்கள் உத்தரவாகவே படிப்பார்கள். குறிப்பில் நிறுவனர்கள் கடைசியாகத்தான் கருத்து எழுத வேண்டும் என்பதையும் விதியாகவே போட்டுவிடுங்கள்.

சரடு (பதில்)

ரிவியூ பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் பதில் 4 வேலை மணி நேரத்துக்குள் வரணும். "மதியத்துக்குள் பார்த்துடறேன்" என்பதும் பதில்தான். மாற்றம் 400 வரியைத் தாண்டினால் பிரித்துத் தரச் சொல்லுங்க; அதுக்கு மேல கண் ஓடும், மூளை ஓடாது. இடைவெளி, அடைப்புக்குறி, இம்போர்ட் வரிசை எல்லாம் கோடைத் தானாகச் சீராக்கும் ஃபார்மேட்டர் கருவியோட வேலை. மனுஷங்க அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது.

ஒவ்வொரு கமெண்டுக்கும் முன்னாடி ஒரு சொல்: "தடை", "கேள்வி", "விருப்பம்". "தடை" போடுறவர் எது உடையும்னு காட்டணும். உதாரணமா:

"தடை: பணம் எடுத்த பிறகு, பதில் வருவதற்குள் நெட்வொர்க் அறுந்தால் ரீட்ரை (தானாக நடக்கும் மறுமுயற்சி) மறுபடியும் பணம் எடுக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் வைத்து, அதே எண் திரும்ப வந்தால் பழைய பதிலையே கொடுக்கவும்."

இதே விஷயம் "இந்த இடம் சரியில்லையே" என்று மட்டும் வந்திருந்தா எழுதினவர் அரை நாள் தேடிக்கிட்டு இருப்பார். "விருப்பம்" என்று குறிச்சதை ஏத்துக்காம மெர்ஜ் பண்ணலாம் (மெயின் கோடோட சேர்க்கலாம்), காரணம் சொல்லத் தேவையில்லை. மூணு சுற்றுக்கு மேல போச்சுன்னா ரெண்டு பேரும் போன்ல பேசிட்டு, முடிவை அந்தப் புல் ரிக்வெஸ்ட்லேயே (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிற பக்கம்) எழுதிடணும்.

நிறுவனரோட கோடும் இதே வரிசையில் நிக்கணும். மெயின் கிளைக்கு (எல்லோருக்கும் பொதுவான முதன்மைப் பிரதி) ரிவியூ இல்லாம எதுவும் போகாதபடி போட்ட பூட்டு அட்மினுக்கும் பொருந்துற மாதிரி செட்டிங்கை வையுங்க. அவர் ஒருமுறை நேரா தள்ளிட்டா அந்த விதி அன்னைக்கே செத்துப்போச்சு.

இரவுமணி (பதில்)

ஆன்-கால் (சர்வர் விழுந்தால் எழ வேண்டியவரின் முறை) கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முதல் ஆள், ஒரு துணை ஆள். 9 பேர் இருந்தால் ஒருவருக்கு 9 வாரத்தில் ஒரு வாரம் முதல் முறை, இன்னொரு வாரம் துணை முறை. தாங்கும். இதையே 4 பேரை வைத்து ஓட்டினால் ஒவ்வொருவரும் பாதி நாள் போனும் கையுமாக இருப்பார்கள், ஒருவர் விலகினால் மற்றவர்களும் விலகத் தொடங்குவார்கள். நிறுவனர்களும் சுற்றில் இருக்கட்டும். முறை மாறுவது வேலைநாள் காலையில் நடக்கட்டும். வார இறுதிக்கு முந்தைய மாலையில் மாற்றினால் சந்தேகம் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆளை எழுப்பும் அலாரம், அவர் உடனே செய்ய ஒரு வேலை இருந்தால் மட்டுமே அடிக்க வேண்டும். "டிஸ்க் 80 சதவீதம்" என்பதற்காக யாரையும் எழுப்பாதீர்கள். "இதே வேகத்தில் போனால் 4 மணி நேரத்தில் டிஸ்க் நிரம்பும்" என்றால் எழுப்பலாம். சர்வர்களைக் கண்காணிக்கும் ப்ரோமிதியஸ் என்ற கருவியில் இதற்கென்றே ப்ரெடிக்ட் லீனியர் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஒவ்வொரு அலாரத்திலும் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தின் சுட்டி இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் படிக்கப்போகிற பக்கம் அது. முதல் வரியிலேயே முதல் கட்டளை இருக்கட்டும், விளக்கம் கீழே போகட்டும்.

இரவில் எழுந்தவருக்கு மறுநாள் காலை விடுப்பு, கேட்காமலே. ஒரே வாரத்தில் 2 இரவுக்கு மேல் எழ வேண்டியிருந்தால் அடுத்த வாரம் அவர் புது ஃபீச்சர் எதையும் தொடாமல் அந்த அலாரத்தின் மூலத்தைச் சரிசெய்வார். இதை எழுதிவைக்காவிட்டால் ஃபீச்சர்தான் ஒவ்வொரு முறையும் ஜெயிக்கும்.

விபத்து அறிக்கை 5 வேலை நாளுக்குள் வர வேண்டும். ஆளைக் குற்றம் சொல்லாமல் எழுதுவது ஏன் என்பதற்கு, கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் 2017இல் தானே வெளியிட்ட அறிக்கை நல்ல பாடம். அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று, துணை டேட்டாபேஸில் அழிக்க வேண்டிய கோப்புறையை ஒரு பொறியாளர் முதன்மை டேட்டாபேஸில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடிப் போனால் அது காலியாக இருந்தது: டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுத்த கருவி 9.2 பதிப்பு, இரண்டும் பொருந்தாமல் பேக்கப் தோற்றிருக்கிறது. அது தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும், டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால் பெறும் சர்வரில் நிராகரிக்கப்பட்டு வந்திருக்கிறது. வேறொரு வேலைக்காக ஏறக்குறைய 6 மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) காப்பாற்றியது. அந்தப் பொறியாளரைத் தண்டித்திருந்தால் இவற்றில் எது சரியாகியிருக்கும்?

ஆகவே அறிக்கையில் "இனி கவனமாக இருப்போம்" என்ற வரியை அனுமதிக்காதீர்கள். "மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு மெஷினில் மீட்டு, முக்கிய டேபிள்களின் வரிசை எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும்; பொறுப்பாளர் இன்னார், முதல் முறை இன்ன தேதி" என்று எழுதுங்கள். தேதி தவறினால் அந்த வேலை அடுத்த வாரப் பட்டியலின் தலைக்கு ஏறட்டும்.

ஊடுபாவு

மிகவும் பயனுள்ளது. இன்னும் இரண்டு: மேனேஜர் இல்லாமல் சம்பளமும் மனத்தாங்கலும் யாரிடம் போவது? சப்போர்ட் வேலையை எப்படிப் பகிர்வது?

வேரடி

பதவி இல்லாத இடத்திலும் அதிகாரம் இருக்கத்தான் செய்யும். பழைய ஆட்களிடம் சத்தமில்லாமல் சேர்ந்துவிடும். எனவே பெயர் போட்டு எழுதுங்கள். சம்பளத்துக்கு 3 அல்லது 4 நிலைகள், ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்ப்பு, சம்பள வரம்பு, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரே பக்கத்தில். பரிசீலனை வருடத்தில் குறித்த ஒரு மாதத்தில் மட்டும். இல்லாவிட்டால் கேட்கத் தெரிந்தவருக்கே உயரும். மனத்தாங்கலுக்கு இரண்டு பெயர், அதில் ஒருவர் நிறுவனராக இருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரத் தனிப் பேச்சு, அதில் வேலை நிலவரம் பேசாதீர்கள்.

நிலை விளக்கத்தில் ஆவணம் எழுதுவது, புதியவருக்குச் சொல்லித்தருவது, ரிலீஸ் குறிப்பு ஆகியவற்றையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் யாரோ ஒருவர் தலையில் அவை விழும், அவருடைய உயர்வும் தள்ளிப்போகும். இந்த அநியாயம் கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும்.

சப்போர்ட் நாளுக்கு ஒருவர், சுற்றுமுறையில். அன்று அவரிடம் வேறு வேலை எதிர்பார்க்கக் கூடாது. ஒரே கேள்வி மூன்றாவது முறை வந்தால் பதில் எழுதுவதோடு நிற்காமல் ப்ராடக்டையோ உதவிப் பக்கத்தையோ திருத்த வேண்டும். இங்கே ஒரு பள்ளம் உண்டு: வாடிக்கையாளரைக் காக்கவைக்கக் கூடாது என்று ப்ரொடக்‌ஷன் டேட்டாவில் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் உண்மையான டேட்டா) நேராகக் கைவைப்பது. எவ்வளவு சின்னத் திருத்தமானாலும் ஸ்கிரிப்ட் எழுதி, இன்னொருவர் பார்த்த பிறகே ஓட வேண்டும்.

சரடு

15 பேர் ஆகுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ஒவ்வொரு கோப்புறைக்கும் கடந்த ஓராண்டுக்கு கிட் ஷார்ட்லாக் (யார் எத்தனை கமிட், அதாவது கோட் மாற்றப் பதிவு, செஞ்சாங்கன்னு எண்ணுற கட்டளை) ஓட்டிப் பாருங்க. பத்து கமிட்ல எட்டு ஒரே பெயர்ல வந்தா அந்தப் பகுதியோட அடுத்த மூணு மாற்றத்தையும் வேற ஒருத்தர் எழுதணும், அந்தப் பெயர்க்காரர் ரிவியூ மட்டும் பண்ணணும். வேலை ரெண்டு மடங்கு நேரம் எடுக்கும், அதைத் திட்டத்திலேயே கணக்கு வையுங்க. பிறகு அவருக்கு 10 நாள் லீவு, போன் கிடையாது. அந்த 10 நாளில் எங்கெங்க வேலை நின்னுச்சோ அங்கதான் அடுத்த ஆவணத்தை எழுதணும்.