‘மரபணு நகர்வு’ வேண்டா, ‘மரபுக் குலுக்கல்’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

genetic drift என்பதற்கு ‘மரபணு நகர்வு’ என்னும் சொல் பாடங்களில் ஊன்றிவிட்டது, இனி அதை அசைக்க வேண்டா என்று நம் குழுவின் ஐயா ஒருவர் சென்ற மடலில் எழுதியிருந்தார்கள். அந்தத் தயக்கம் எனக்கும் நெடுநாள் இருந்தது. ஆனால் சேலத்தில் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்தும் எனக்கு, ‘மரபணுக்கள் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு நகர்வதே மரபணு நகர்வு’ என்ற விடையை ஆண்டுதோறும் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது. பிள்ளைகள் எழுதுவது மரபணு ஓட்டத்தின் விளக்கம்; ஓர் இனக்கூட்டத்தின் உயிரிகளோ மகரந்தமோ இன்னொரு கூட்டத்தில் போய்க் கலப்பது. பிழை அவர்களுடையது அன்று. நகர்வு என்றால் தமிழில் அதுதானே பொருள்?

நாம் பெயரிட வேண்டிய நிகழ்ச்சியில் எதுவும் இடம்பெயர்வதில்லை. ஒரு தலைமுறையின் அல்லீல்களுள் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களுள்) எவை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும் என்பதில் தற்செயலுக்கும் பங்குண்டு. கூட்டம் சிறிதாயின், நன்மையும் தீமையும் செய்யாத ஓர் அல்லீல் அந்தத் தற்செயல் ஒன்றாலேயே பெருகி நிலைபெறலாம், அல்லது அற்றுப்போகலாம். பீட்டர் பியூரி 1956இல் வெளியிட்ட ஆய்வில், 107 பழ ஈக் கூட்டங்களைத் தலைமுறைக்கு 8 ஆண், 8 பெண் என்று மட்டும் எடுத்து வளர்த்தார். கண் நிறத்துக்குரிய இரண்டு அல்லீல்கள் எல்லாக் கூட்டங்களிலும் சரிபாதியாகத் தொடங்கின. 19 தலைமுறைக்குள் பாதிக்கும் மேற்பட்ட கூட்டங்களில் ஒன்று அடியோடு அற்று மற்றது மட்டுமே எஞ்சியது. எது எஞ்சியது என்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமம். ஒவ்வொரு தலைமுறையிலும், ஈக்கு இரண்டாக, 32 மரபணுப் படிகளை எடுத்ததே அங்கு நடந்த வேலை. பெயர் அந்த எடுப்பைச் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

எங்கள் ஊர்த் தெருக்களில் இரண்டு வகைச் சீட்டு உண்டு. ஏலச் சீட்டில் பணம் யாருக்கு மிக வேண்டியிருக்கிறதோ, யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ, அவருக்கு அந்த மாதத் தொகை போகும். குலுக்கல் சீட்டில் பெயர்களை எழுதிப் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். தகுதியும் தேவையும் அங்கே செல்லா. இயற்கைத் தேர்வுக்கும் நாம் பேசும் நிகழ்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் சொன்னதில்லை. ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்: சீட்டில் ஒருமுறை விழுந்த பெயரை மறுபடி போடுவதில்லை, இங்கே எடுத்ததைத் திரும்பப் போட்டே அடுத்ததை எடுக்கிறோம். ஏற்காட்டிலிருந்து வாங்கிவந்த காப்பிக்கொட்டையில் வறுத்தது 5, பச்சை 5 என்று டப்பாவில் இட்டு, பாராமல் பத்து முறை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டு, கிடைத்த விகிதத்தில் அடுத்த டப்பாவை நிரப்பச் சொல்வேன். சில மேசைகளில் ஏழெட்டுச் சுற்றுக்குள் ஒரு நிறம் காணாமல் போய்விடும்.

‘குலுக்கல்’ பேச்சுவழக்கு என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. பள்ளிச் சேர்க்கைக்கும் வீட்டு மனை ஒதுக்கீட்டுக்கும் அரசு அறிவிப்புகளே ‘குலுக்கல் முறை’ என்று எழுதுகின்றன. குரோமோசோம் மறுசேர்க்கையோடு (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதோடு) குழம்பும் என்று குழுவின் அம்மா ஒருவர் எழுப்பிய ஐயம் இதைவிட வலுவானது. ஆயினும் விளையாட்டுச் சீட்டைக் ‘கலைத்துப் போடு’ என்கிறோமே தவிர, ‘குலுக்கு’ என்பதில்லை. கலைத்தல் வரிசையை மாற்றுவது, குலுக்கல் ஒன்றை வெளியே எடுப்பதற்காக. தமிழ்க் காது இந்த வேறுபாட்டை முன்னமே அறியும். ‘மரபுக் குலுக்கல்’ ஒரு தலைமுறையின் எடுப்பைச் சொல்கிறதே ஒழிய, தலைமுறைகளின் ஊடே சேர்ந்து வரும் விலகலைச் சொல்லவில்லை என்ற குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதை வினைச்சொல்லிடம் விட்டுவிடலாம்: ‘மரபுக் குலுக்கலால் இந்த அல்லீல் தேய்ந்து அற்றது’ என்று எழுதினால் பொருள் நிறைகிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘நிறுவனர் விளைவு’ (founder effect; சிலர் மட்டும் பிரிந்துபோய்த் தொடங்கும் கூட்டத்தில் அவர்கள் கொண்டுசென்ற அல்லீல்களே இருப்பது) என்பதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அது கம்பெனி தொடங்கியவரை நினைவூட்டுகிறது. ‘முதற்குடி விளைவு’ என்பது என் பரிந்துரை. சேர்வராயன் மலையில் 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காலூன்றிய அரபிகாக் காப்பியே இதற்கு எடுத்துக்காட்டு. அதன் தாயகம் எத்தியோப்பியா. அங்கிருந்து ஏமனுக்குப் போன சிறு பங்கிலிருந்தே உலகத் தோட்டங்களில் பெரும்பாலானவை பெருகின. சூஃபித் துறவி பாபா புடன் ஏமனிலிருந்து ஏழு விதைகளைச் சிக்கமகளூரு மலைக்குக் கொண்டுவந்தார் என்று வழிவழியாகச் சொல்லும் கதையும் அதே அளவைத்தான் காட்டுகிறது. எத்தியோப்பியக் காட்டிலேயே தங்கிவிட்ட அல்லீல்கள் தாழ்ந்தவை அல்ல, எடுத்த கையில் அகப்படாதவை.

தேர்வில் பாடநூற் சொல்லுக்கே மதிப்பெண் என்பதால், வரும் பருவத்தில் கரும்பலகையில் ‘மரபுக் குலுக்கல்’ என்று எழுதி, அருகில் அடைப்புக்குறிக்குள் ‘மரபணு நகர்வு’ என்று இடப்போகிறேன். பயிற்றுவிக்கும் நண்பர்கள் தத்தம் வகுப்பிலும் அவ்வாறே செய்து, விடைத்தாளில் என்ன வருகிறது என்று இங்கே எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.