ஃபாரோ தீவுகளின் ஜெக்வ் கிராமத்தில் மூன்று இரவுகள் தங்குவது மிகையா?

கேள்வி: கரையோரவாசி

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாத இறுதியில் நானும் என் மனைவியும் ஏழு நாள் பயணமாக வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளுக்குச் செல்லவிருக்கிறோம். அந்த ஏழில் மூன்று இரவுகளை எஸ்டுரோய் தீவின் வடகிழக்கு முனையில் உள்ள ஜெக்வ் என்னும் சிற்றூரில் கழிக்க வேண்டும் என்பது என் விருப்பம். (எழுத்தைப் பார்த்தால் ‘கியோக்வ்’ என்று படிக்கத் தோன்றும், அங்குள்ளவர்கள் உச்சரிப்பது ஏறக்குறைய ‘ஜெக்வ்’ என்று கேள்விப்பட்டேன்.) ஐம்பது பேர்கூட வசிக்காத ஊரில் மூன்று நாள் என்ன செய்வது, ஒரு பிற்பகல் போய்ப் பார்த்துவிட்டுத் தலைநகரான டோர்ஷாவ்னுக்குத் திரும்பினால் போதாதா என்பது மனைவியின் கேள்வி. அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

வேறு சில ஐயங்களும் உண்டு. எனக்கு ஓட்டுநர் உரிமம் இருக்கிறது என்றாலும், குறுகிய மலைச்சாலையில் பனிமூட்டத்தில் வண்டி ஓட்டிய பழக்கம் இல்லை. பேருந்தை நம்பிப் போகலாமா? நாங்கள் இருவரும் சைவ உணவுக்காரர்கள். சாப்பாட்டுக்கு என்ன வழி? எங்களிடம் இந்தியக் கடவுச்சீட்டும், சென்ற ஆண்டு வாங்கிய, இன்னும் காலாவதியாகாத ஷெங்கன் விசாவும் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) இருக்கின்றன; அது போதுமல்லவா? சென்று வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: முத்திரைத்தாள்

ஐயா, உங்கள் கடைசி ஐயத்தைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். போதாது. ஃபாரோ தீவுகள் டென்மார்க் முடியரசுக்கு உட்பட்டவை, 1948 முதல் தன்னாட்சி பெற்றவை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேரவில்லை, ஷெங்கன் பகுதியிலும் அடங்கவில்லை. ஆகவே கையில் இருக்கும் ஷெங்கன் விசா, டென்மார்க்கே கொடுத்ததாக இருந்தாலும், ஃபாரோ தீவுகளுக்கும் செல்லும் என்று அதிலேயே குறிக்கப்பட்டிருந்தால் ஒழிய உங்களை அங்கே கொண்டு சேர்க்காது. டென்மார்க் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே ஃபாரோ தீவுகளுக்குச் செல்வதைத் தெளிவாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். கோபன்ஹேகன் வழியாகச் சென்று அதே வழியில் திரும்புவதாக இருந்தால், ஷெங்கன் பகுதிக்குள் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாகக் கேட்டு வாங்குவது பாதுகாப்பானது.

என் உறவினர் ஒருவர் இதை அறியாமல் கோபன்ஹேகன் வரை போய், விமானத்துக்குப் பெட்டி ஒப்படைக்கும் இடத்திலேயே தடுக்கப்பட்டு, முன்பணம் கட்டிய விடுதியையும் இழந்து திரும்பினார். விசாவில் அச்சிட்டிருக்கும் வரிகளை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

மறுமொழி 2: நனைந்த குடை

ஜூலைத் தொடக்கத்தில் ஜெக்வில் இரண்டு இரவுகள் தங்கியவள் நான். மூன்றாக இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். முதல் நாள் முழுவதும் எனக்கு ஊரே தெரியவில்லை. கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி வீடுகளின் புல்வேய்ந்த கூரைகள் வரை இறங்கி நின்றதால், பத்தடி தொலைவில் ஓடும் ஓடையின் ஓசையைக் கேட்டேனே தவிர ஓடையைப் பார்க்கவில்லை. அன்று பிற்பகல் சிற்றுந்தில் வந்திறங்கிய ஒரு குழுவினர் வெண்திரையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு நாற்பது நிமிடத்தில் போய்விட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பனி விலகியபோது, எதிரே நீரிணைக்கு அப்பால் கால்சோய் தீவின் மலைகள் வரிசையாக நின்றன. முந்தைய நாள் அந்தத் திசையில் ஒரு தீவு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒரு பிற்பகல் போதுமா என்று உங்கள் மனைவி கேட்பதற்கு என்னால் சொல்லக்கூடிய பதில் இதுதான்: அது எந்தப் பிற்பகல் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடம் இல்லை.

ஊரின் பெயருக்கே பிளவு என்றுதான் பொருள். ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்துக்குப் பாறையைக் கீறிக்கொண்டு கடல் உள்ளே வருகிறது; அந்தக் கீறல்தான் இவ்வூரின் துறைமுகம். மேலே நின்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் பார்த்ததோடு போய்விடுகிறார்கள். நீங்கள் பக்கத்துப் படிகளில் இறங்கிக் கீழே போங்கள், ஆனால் பாசி படிந்த படிகளில் கால் வைக்காதீர்கள். நான் இருந்த இரண்டாம் மாலை ஒரு சிறிய படகு உள்ளே வந்தது. அலை தூக்கிக்கொடுக்கும் கணம்வரை இருவர் துடுப்பைப் பிடித்தபடி காத்திருந்து, சரிவுத் தளத்தின் அடியில் படகின் மூக்கைச் சேர்த்தார்கள். ஒருவர் இறங்கிக் கம்பிக் கயிற்றின் கொக்கியை மாட்டினார். மேலே இருந்த இழுவைப் பொறி உறுமத் தொடங்கியதும் கயிறு விறைத்து, அதிலிருந்து நீர் வரிசையாகத் தெறிக்க, படகு தன் நீரைச் சொட்டிக்கொண்டே செங்குத்தான சரிவில் ஏறிவந்தது. உள்ளே ஒரு நெகிழிப் பெட்டியில் காட் மீன்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் இருந்ததாகவும் தெரியவில்லை.

அதைப் பார்த்த பிறகு அந்த நினைவுச்சின்னத்துக்குப் போங்கள். ஒரு தாய் தன் இரு குழந்தைகளோடு கடலை நோக்கி நிற்கும் சிலை அது. கடலில் மாண்ட ஊர் மீனவர்களின் பெயரும் வயதும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த வயதுகளை ஒவ்வொன்றாகப் படிக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது. அருகிலுள்ள தேவாலயம் 1929-இல் கட்டப்பட்டது; ஃபாரோ மொழியிலேயே அர்ப்பணிப்புச் சடங்கு நடந்த முதல் தேவாலயம் அதுதான். அதுவரை அத்தீவுகளின் தேவாலயங்களில் பெரும்பாலும் டேனிஷ் மொழிதான் ஒலித்தது. வழிபாட்டில் தாய்மொழி நுழைவது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜூன் இறுதியில் சூரியன் இரவு 11 மணிக்குப் பிறகே மறையும், நான்கு மணிக்கு முன்பே எழுந்துவிடும். இடையிலும் முழு இருட்டு வராது. வண்டிகள் எல்லாம் போய்விட்ட பிறகு, அந்த நரை வெளிச்சத்தில் இரவு பத்தரை மணிக்கு ஊரைச் சுற்றி நடப்பதற்காகவே அங்கே தங்கலாம். கண்ணை மூடும் பட்டை ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். என் அறையின் திரைச்சீலை மெல்லியதாக இருந்தது.

மறுமொழி 3: இரண்டாம் கியர்

போக்குவரத்து பற்றி மட்டும் சொல்கிறேன். விமான நிலையம் வாகர் தீவில் இருக்கிறது. நாட்டுக்கே அது ஒன்றுதான், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டானியப் படையினர் அமைத்தது. அங்கிருந்து கடலடிச் சுரங்கம் வழியாக ஸ்ட்ரெய்மோய் தீவுக்கு வந்து, வடக்கே போய், ஒரு பாலத்தைக் கடந்தால் எஸ்டுரோய். நிறுத்தாமல் ஓட்டினால் ஜெக்வ் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். 2020 இறுதியில் திறக்கப்பட்ட, கடலுக்கு அடியில் வட்டச் சந்திப்புள்ள 11 கிலோமீட்டர் சுரங்கத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். டோர்ஷாவ்னிலிருந்து எஸ்டுரோய் செல்பவர்களுக்குத்தான் அது பயன்படும், விமான நிலையத்திலிருந்து நேராக வரும் உங்களுக்குத் தேவையில்லை. சுரங்கங்களுக்குக் கட்டணம் உண்டு. வாடகை வண்டி என்றால் அதை எப்படிச் செலுத்துவது என்று வண்டி எடுக்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசிப் பகுதிதான் உங்களுக்குக் கவலை தரும். எய்டி என்ற ஊரிலிருந்து கணவாய் ஏறி, நாட்டின் மிக உயர்ந்த மலையான 880 மீட்டர் ஸ்லெட்டாரடிந்துரின் தோளைச் சுற்றி, ஃபுன்னிங்குர் என்ற ஊரை நோக்கிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் சாலை அழகானது. பனிமூட்டத்தில் அதே சாலை பொல்லாதது. நான் முதல் முறை அங்கே மாட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு இரண்டாம் கியரில் ஊர்ந்து, சாலை நடுவே படுத்திருந்த ஆடு ஒன்று மனமிரங்கி எழும்வரை காத்திருந்திருக்கிறேன். வானம் தெளிவாக இல்லையென்றால் ஃபுன்னிங்ஸ்ஃபியோர்துர் என்ற ஊர் வழியாகத் தாழ்வான சாலையில் வாருங்கள். ஆடுகளுக்கு வேலி கிடையாது. தவறி ஒன்றை மோதிவிட்டால் நிறுத்திக் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை. ஆட்டுக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார்.

பேருந்து உண்டு, நீல நிறத்தில் வரும். ஆனால் இதுபோன்ற கடைக்கோடி ஊர்களுக்கு நாளொன்றுக்குச் சில நடைகள்தான். அவற்றிலும் சிலவற்றை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி வைத்தால்தான் ஊருக்குள் வரும். மூன்று இரவு தங்குபவர்களுக்கு இது ஒரு குறையே அல்ல. ஒரு பிற்பகலில் பார்த்துத் திரும்ப நினைப்பவர்களுக்குத்தான் பேருந்து ஒத்துவராது.

சாப்பாடு: ஊரில் பேரங்காடி எதுவும் இல்லை. விருந்தினர் இல்லத்தில் சைவம் வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். ஆட்டிறைச்சியையும் மீனையும் காற்றில் பதப்படுத்தி உண்ணும் நாடு அது, சொல்லாமல் போனால் உங்களுக்குக் கிடைப்பது உருளைக்கிழங்கும் ரொட்டியுமாகத்தான் இருக்கும். வழியிலுள்ள பெரிய ஊர்களில் பொருள் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். டேனிஷ் குரோனும் உள்ளூர் நோட்டும் ஒரே மதிப்புடையவை, இரண்டும் அங்கே செல்லும். ஆனால் உள்ளூர் நோட்டை நாடு திரும்பும் முன்பே செலவழித்துவிடுங்கள்.

மறுமொழி 4: ஆல்போர்க்வாசி

டென்மார்க்கில் வசிப்பதால் இத்தீவுகளுக்கு நான்கு முறை சென்றிருக்கிறேன். முன்னவர்கள் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அமைதியான கிராமம் என்று நாம் சொல்லும்போது, ஏதோ அந்த அமைதி நமக்காக ஏற்பாடு செய்யப்பட்டது போன்ற தொனி வந்துவிடுகிறது. ஜெக்வ் ஒரு காட்சிக்கூடம் அல்ல. கோடையில் வீட்டு எண்ணிக்கையைவிட வாசலில் நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை கூடிப்போன ஊர். வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பயணி ஒருவர் கேட்காமல் படமெடுத்தபோது, உட்கார்ந்திருந்தவர் எழுந்து கதவை மூடிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பயணிக்கும் ஒன்றும் புரியவில்லை.

நிலத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஊரை ஒட்டிக் கல்சுவருக்குள் இருப்பது உள்நிலம், அதாவது குளிர்காலத் தீவனத்துக்காகப் புல் வளர்க்கும் இடம்; சுவருக்கு வெளியே மலைமீது இருப்பது ஆடுகள் மேயும் வெளிநிலம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே பசுமைதான். ஆனால் உள்நிலத்தில் குறுக்கே நடந்தால், ஒருவருடைய அறுவடையை மிதிக்கிறோம் என்று பொருள். 1298-ஆம் ஆண்டின் ‘ஆட்டு ஆவணம்’ என்னும் அரசாணை தொட்டு மேய்ச்சலுக்குச் சட்டம் வகுத்து வாழ்ந்துவரும் மக்கள் அவர்கள். இந்த வேறுபாடு அவர்களுக்கு மரியாதை தொடர்பானது. சில மலைப்பாதைகளில் நில உரிமையாளர்கள் கட்டணம் வாங்குவதும் இதனால்தான். முணுமுணுக்காமல் கொடுத்துவிடுங்கள். பாதைகள் சேறாகித் தேய்ந்துபோனதன் விளைவாக, 2019 முதல் வசந்த காலத்தில் சில நாட்கள் புகழ்பெற்ற இடங்களை மூடி, தன்னார்வலர்களைக் கொண்டு பாதை செப்பனிடும் வழக்கமும் அங்கே தொடங்கியிருக்கிறது.

மூன்று இரவா என்றால், ஆம், மூன்றே. ஒரு பிற்பகலில் வந்து போகிறவர் இடத்தை நெருக்கிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறார். தங்குகிறவர் உணவுக்கும் அறைக்கும் ஊரிலேயே பணம் கொடுக்கிறார், இரண்டாம் நாள் முகம் தெரிந்தவராகிவிடுகிறார், மூன்றாம் நாள் எந்தக் கல்சுவரைத் தாண்டக்கூடாது என்பதைத் தாமே அறிந்திருக்கிறார்.

கரையோரவாசி

எல்லோருக்கும் உளமார்ந்த நன்றி. விசா செய்தி தலையில் குளிர்ந்த நீர் ஊற்றியது போல இருந்தது; நாளையே புதிய விண்ணப்பத்துக்கான தாள்களைத் திரட்டத் தொடங்குகிறேன். இந்த மறுமொழிகளை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வெகு நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தவர், பிறகு அந்த நினைவுச்சின்னத்தில் இருக்கும் வயதுகளைப் பற்றிக் கேட்டார். மூன்று இரவுகள் உறுதி. பேருந்திலேயே போகிறோம். இன்னும் ஒன்று மட்டும்: பஃபின் பறவைகளை ஊருக்கு அருகிலேயே பார்க்க முடியுமா, அல்லது அதற்கென மிக்கினெஸ் தீவுக்குப் படகு ஏற வேண்டுமா?

மறுமொழி 5: நனைந்த குடை

ஜூன் இறுதியில் அவை அங்கேதான் இருக்கும். ஆகஸ்டில் கடலுக்குத் திரும்பிவிடும். பிளவின் மேற்குப் பக்கமாக ஏறும் பாதையில் போனால் பாறை விளிம்பில் காணலாம். மிக்கினெஸில் இருப்பதுபோல் ஆயிரக்கணக்கில் இராது, கைவிரல் விட்டு எண்ணும்படி இருக்கலாம். எனக்கு ஏழு கிடைத்தன. விளிம்பை நெருங்க வேண்டாம்: பறவைகள் வளை தோண்டியிருப்பதால் ஓரத்துப் புல்தரை கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் உள்ளீடு இல்லாமல் இருக்கும். தொலைநோக்கி ஒன்று எடுத்துச் சென்று, வேலிக்கு இப்பால் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் அவையே வெளியே வரும். வானம் தெளிந்திருந்தால், அதே வழியில் இன்னும் மேலேறி அம்பாதாலுர் பள்ளத்தாக்கின் விளிம்பு வரை போங்கள். கடலில் தனித்து நிற்கும் 188 மீட்டர் உயரமுள்ள பாறைத்தூண் அங்கிருந்து தெரியும். நான் போனபோது அதன் பாதி மட்டுமே பனிக்கு மேலே இருந்தது.