சிட்டிங் செனட்டரை எதிர்த்துப் பிரைமரியில் நின்றால் அதிபர் கனவு என்ன ஆகும்?

குலசேகரம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி நியூயார்க்கில் குயின்ஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். குடியுரிமை கிடைச்சாச்சு. வாக்காளர் பதிவுப் படிவத்தைக் கையில வச்சுக்கிட்டு போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினா. அதுல எந்தக் கட்சின்னு கேட்டு ஒரு கட்டம் இருக்காம். நிரப்பணுமா, காலியா விடலாமான்னு அவளுக்குக் குழப்பம்.

அவ தொகுதி எம்.பி. அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ். 2028-ல் இவங்க செனட்டர் சக் ஷூமரை எதிர்த்துப் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற உட்கட்சித் தேர்தலில், இறங்கலாம்னு ஒரு பேச்சு, நேரா அதிபர் தேர்தலுக்கே போகலாம்னு இன்னொரு பேச்சு. டியூட்டி ரூமில் தினமும் இதுதான் விவாதமாம்.

எனக்குப் பிடிபடாதது இதுதான். ஷூமர் 2017-லேர்ந்து செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவர். கட்சிக்குள்ள இருந்துகிட்டே அப்பேர்ப்பட்டவரை எதிர்த்து நிக்க முடியுமா? இங்கே ஒருத்தர் அப்படி மனு போட்டா அன்னைக்குச் சாயங்காலமே 'அடிப்படை உறுப்பினர் உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார்'னு அறிக்கை வந்துடுமே. அப்படி நின்னவங்களைக் கட்சி பின்னாடி அதிபர் வேட்பாளரா ஏத்துக்குமா? என் பிளஸ் டூ பிள்ளைகளும் கேக்குதுவ. தெரிஞ்சவங்க விளக்கமா எழுதுங்க.

கொளச்சல்காரன்:

டீச்சர், நீக்கவே முடியாது. அங்கே சீட்டு கொடுக்கிறது தலைமை இல்லை, அந்தக் கட்சியின் வாக்காளர்கள். நம்ம நாட்டில் இதுக்குக் கொஞ்சம் பக்கத்துல வர்ற சம்பவம்னா 1966 ஜனவரிதான். சாஸ்திரி இறந்த பிறகு காங்கிரஸ் எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டாங்க. இந்திரா காந்தி 355, மொரார்ஜி தேசாய் 169. அப்போ கட்சித் தலைவர் காமராஜர். அடுத்த வருஷம் விருதுநகரில் தோத்த அவரை 1969 இடைத்தேர்தலில் நம்ம நாகர்கோவில்தான் ஜெயிக்க வச்சு டெல்லிக்கு அனுப்புச்சு. ஆனா 1966-லயும் ஓட்டுப் போட்டது எம்.பி.க்கள் மட்டும்தானே, தொண்டனுக்கு அதுல இடம் இல்லை.

அதிபர் விஷயத்தை இரணியல் அண்ணாச்சி வந்து சொல்லட்டும். சிகாகோவில் இருந்து வந்தவரு.

இரணியல் ராஜன்:

மக்களே, நல்ல கேள்வி கேட்டிருக்கிய. முதல்ல கணக்கைச் சொல்லுதேன்.

செனட்டர்களை மக்களே நேரடியாத் தேர்ந்தெடுக்கணும்னு 17-வது சட்டத் திருத்தம் வந்தது 1913-ல். அதுக்குப் பிறகு செனட்டுக்கு ஜெயிச்சுப் பின்னாடி அதிபர் ஆனவங்க ஏழு பேர்: ஹார்டிங், ட்ரூமன், கென்னடி, ஜான்சன், நிக்சன், ஒபாமா, பைடன். இவங்கள்ல ஒருத்தர்கூட சொந்தக் கட்சியின் சிட்டிங் செனட்டரைப் பிரைமரியில் தோற்கடிச்சு வந்தவர் இல்லை. ட்ரூமன், கென்னடி, பைடன் மூணு பேரும் எதிர்க்கட்சிக்காரரை வீழ்த்தி வந்தாங்க. மத்தவங்க சிட்டிங் ஆள் போட்டியிடாத இடத்துக்கு வந்தாங்க. ட்ரூமன் கதை நேர் தலைகீழ். 1940-ல் அவரே சிட்டிங். மிசோரி கவர்னர் லாய்ட் ஸ்டார்க் அவரை எதிர்த்துப் பிரைமரியில் நின்னாரு. ஏறக்குறைய 8,000 ஓட்டில்தான் ட்ரூமன் தப்பிச்சாரு. அஞ்சு வருஷத்துல அவர் அதிபர்.

இப்போ நான் பக்கத்துல இருந்து பார்த்ததைச் சொல்லணும். 1991 அக்டோபர். உச்ச நீதிமன்ற நீதிபதியா கிளாரன்ஸ் தாமஸை நியமிக்கிற விசாரணை டிவியில் ஓடுது. அவர்கிட்ட வேலை பார்த்த அனிதா ஹில் வந்து அவர் எப்படி நடந்துகிட்டாருன்னு சாட்சி சொல்லுதாங்க. எதிரே உக்காந்து கேள்வி கேக்கிற செனட்டர்கள் எல்லாரும் ஆம்பிளைகள். என் வீட்டுக்காரி அப்போ சிகாகோ தெற்குப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடிஞ்சு வந்தவ கோட்டைக் கூடக் கழட்டலை. காப்பி ஆறிக்கிட்டே இருக்கு, அவ கதவுப் பக்கம் நின்னுக்கிட்டே அந்த விசாரணையைப் பார்த்துக்கிட்டிருந்தா. வார்டில் அவகூட வேலை பார்த்த கறுப்பினப் பெண்கள் அன்னைக்கு அழுதாங்கன்னு பிறகு சொன்னா. தாமஸ் 52-க்கு 48-னு தேறிட்டாரு. அந்த 52-ல் ஒரு ஓட்டு எங்க இல்லினாய் செனட்டர் ஆலன் டிக்ஸனோடது. ஜனநாயகக் கட்சிக்காரரு, அதுவரை தேர்தலில் தோத்ததே இல்லாதவரு.

1992 மார்ச்சில் பிரைமரி. டிக்ஸனை எதிர்த்து நின்னது கேரல் மோஸ்லி பிரான். சிகாகோ இருக்கிற குக் கவுண்டியின் (நம்ம மாவட்டம் மாதிரி) பத்திரப் பதிவு அதிகாரி. நம்ம சார்பதிவாளர் பார்க்கிற வேலைதான், ஆனா அங்கே அதுக்கும் தேர்தலில் ஜெயிச்சுத்தான் வரணும். ஹோஃபெல்ட்னு பணக்கார வக்கீல் ஒருத்தர் மூணாவதா இறங்கி, சொந்தக் காசை அள்ளி விட்டு டிக்ஸனை டிவியில் விளாசினாரு. இந்த அம்மாகிட்ட விளம்பரத்துக்குக் காசே கிடையாது. 38 சதவீதம் வாங்கி ஜெயிச்சாங்க. நவம்பரிலும் ஜெயிச்சு அமெரிக்க செனட்டின் முதல் கறுப்பினப் பெண் ஆனாங்க. ஒரு ஓட்டுக்கு அஞ்சு மாசத்துல பதில் கிடைச்சது. என் வாழ்க்கையில் அரசியல்னு நான் மதிச்சுப் பார்த்த நாள் அது.

அதே இடத்தோட மிச்சக் கதையைப் பாருங்க. 1998-ல் அவங்க குடியரசுக் கட்சி பீட்டர் ஃபிட்ஸ்ஜெரால்டுகிட்ட தோத்தாங்க. அவரு 2004-ல் மறுபடி நிக்கலை. அந்தக் காலி இடத்துக்கு வந்தவர்தான் ஒபாமா. மோஸ்லி பிரான் 2004 அதிபர் தேர்தலுக்கு முயற்சி பண்ணிப் பாதியில் விலகினாங்க. அவங்க திறந்து வச்ச வாசல்ல இன்னொருத்தர் நுழைஞ்சு அதிபர் ஆனாரு. அந்த ஒபாமாவும் 2000-ல் தெற்கு சிகாகோவின் சிட்டிங் எம்.பி. பாபி ரஷ்ஷை எதிர்த்துப் பிரைமரியில் நின்னவர்தான். ரஷ் 61 சதவீதம், ஒபாமா 30. எங்க தெருவில் ரஷ் போர்டுதான் வீட்டுக்கு வீடு.

சிட்டிங் செனட்டரைத் தோற்கடிச்சுட்டு அதிபர் கனவோட போன மத்தவங்களும் உண்டு. டென்னசியில் கெஃபாவர் 1948-ல் அப்படி வந்து, 1952-ல் நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் அதிபர் ட்ரூமனையே முந்தினாரு. கட்சி மாநாடு ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்துச்சு. 1956-ல் துணை அதிபர் வேட்பாளர் ஆனதோட சரி. டெக்சாஸில் பென்ட்சன் 1970-ல் யார்பரோவை வீழ்த்தினாரு, 1976-ல் அதிபர் முயற்சி, 1988-ல் துணை அதிபர் வேட்பாளர். கன்சாஸில் 1996-ல் ஷீலா ஃப்ராமைத் தோற்கடிச்ச பிரவுன்பேக்கும் 2008 தேர்தலுக்குக் கிளம்பி சீக்கிரமே விலகிட்டாரு. வாசல் வரைக்கும் போறாங்க, உள்ளே போகலை.

காரணம் எனக்குப் பட்டதைச் சொல்லுதேன். சொந்தக் கட்சிப் பெரியவரை வீழ்த்தணும்னா 'இவர் நமக்கு ஆகாது'ன்னு ஒரு மாநிலம் முழுக்கச் சொல்லணும். அவருக்குப் பணம் கொடுத்தவங்க, அவர் வளர்த்துவிட்டவங்க எல்லா மாநிலத்திலும் இருக்காங்க. அதிபர் வேட்பாளர் ஆக அதே ஆட்களோட ஆதரவு வேணும். அந்தக் காயம் ஆற பத்து வருஷம் போதாது.

தக்கலை வக்கீல்:

அண்ணாச்சி பிரைமரியை ரொம்ப உயர்த்திச் சொல்லுதாரு. நஷ்டத்தையும் பாக்கணும். இந்தியானாவில் ரிச்சர்ட் லூகர் 36 வருஷம் செனட்டர். சோவியத் அணு ஆயுதங்களைப் பத்திரமா அழிக்க 1991-ல் இன்னொரு செனட்டர் சாம் நன்னோட சேர்ந்து சட்டம் கொண்டு வந்த மனுஷன். 1996-ல் அதிபர் தேர்தலுக்கும் நின்னவரு. 2012 பிரைமரியில் ரிச்சர்ட் மர்டாக்னு தீவிரமா பேசுறவரை வச்சு சொந்தக் கட்சியே அவரைத் தூக்கி வீசுச்சு. நவம்பரில் மர்டாக் தோத்தாரு, சீட்டு ஜனநாயகக் கட்சிக்குப் போச்சு. 2017-ல் அலபாமாவிலும் அதே கதி. சிட்டிங் செனட்டர் லூதர் ஸ்ட்ரேஞ்சைத் தள்ளிட்டு ராய் மூரைக் கொண்டு வந்தாங்க, கடைசியில் ஜனநாயகக் கட்சி டக் ஜோன்ஸ் ஜெயிச்சாரு. கட்சிக்குள்ள அடிச்சுக்கிட்டு எதிராளிக்குச் சீட்டைத் தாரை வார்க்கிற முறை எனக்கு ஒப்பலை. அனுபவத்துக்கும் ஒரு மதிப்பு வேணும்லா?

இரணியல் ராஜன்:

வக்கீல் சார், லூகர் பெரிய மனுஷன்தான், மறுக்கலை. ஆனா அவர் தோத்த வருஷம் ஊரே பேசினது என்ன? இண்டியானாபொலிஸில் இருந்த வீட்டை 1977-லயே வித்துட்டாரு. அந்தப் பழைய வீட்டு விலாசத்தை வச்சே பல வருஷம் ஓட்டுப் போட்டாருன்னு பிரச்சினை கிளம்பி, அந்த விலாசத்தில் ஓட்டுப் போடத் தகுதியில்லைன்னு 2012 மார்ச்சில் கவுண்டி தேர்தல் வாரியமே சொல்லிட்டு. ஜெயிச்சுப் போனவர் தொகுதியில் குடியிருக்கலைன்னா ஜனங்க கேக்கத்தான் செய்வாங்க. கேக்க ஒரு தேதியும் ஒரு ஓட்டும் அவங்களுக்கு இருக்கே, அது எனக்குப் பெருசு. நம்ம பக்கம் சிட்டிங் ஆள் அஞ்சு வருஷம் எட்டிப் பாக்காம இருந்தாலும் அடுத்த சீட்டு யாருக்குன்னு சென்னையிலோ டெல்லியிலோ ஒரு அறையில் முடிவாகுது. நாப்பது வருஷம் கொடி கட்டின தொண்டன் பேப்பரில் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிடுதான். எனக்கு இது தாங்கலை.

வயசானவங்களைத் தள்ளுறதுக்கு மட்டும்னும் நினைக்கக்கூடாது. 2020-ல் மாசசூசெட்ஸில் 74 வயசு எட் மார்க்கியை எதிர்த்து 39 வயசு ஜோ கென்னடி நின்னாரு. கென்னடி குடும்பப் பேருக்கு அந்த மாநிலத்தில் அதுவரை தோல்வியே கிடையாது. மார்க்கிதான் ஜெயிச்சாரு. வாலிபப் பிள்ளைகள் அவர் பக்கம் நின்னாங்க, இதே ஒகாசியோ-கோர்டெஸும் அவரைத்தான் ஆதரிச்சாங்க.

இனி 2028. டீச்சர், இங்கே காலண்டர்தான் சிக்கல். ஷூமர் பதவிக்காலம் முடியறதும் அதிபர் தேர்தலும் ஒரே சமயத்துல வருது. நியூயார்க்கில் செனட் பிரைமரி வழக்கமா ஜூன் கடைசியில். மாநிலக் கட்சிக் கமிட்டியின் ஆதரவு கிடைக்காதவங்க 15,000 கையெழுத்து வாங்கித்தான் பிரைமரியில் பேர் சேர்க்கணும். கையெழுத்து வேட்டை பிப்ரவரி கடைசியில் ஆரம்பிச்சு ஏப்ரல் தொடக்கத்தில் முடிஞ்சிடும். அதிபர் பிரைமரிகள் உச்சத்தில் இருக்கிறதும் அதே வாரங்கள். அங்கே தோத்துட்டு இங்கே வரலாம்னு உக்காந்திருக்க முடியாது.

2016-ல் மார்க்கோ ரூபியோவால் அது முடிஞ்சுது. மார்ச்சில் அதிபர் போட்டியிலிருந்து விலகினவரு, ஜூனில் மனசு மாறி, ஆகஸ்ட் கடைசியில் நடந்த ஃப்ளோரிடா பிரைமரியில் நின்னு தன் செனட் இடத்தைக் காப்பாத்திக்கிட்டாரு. அவர் மாநிலத் தேதி அப்படி. 1960 தேர்தலை மனசுல வச்சு ஜான்சனுக்காக டெக்சாஸ் சட்டத்தையே மாத்தினாங்க. செனட்டுக்கும் துணை அதிபருக்கும் ஒரே நாளில் நின்னு ரெண்டிலும் ஜெயிச்சாரு.

ஷூமர் உக்காந்திருக்கிற இடத்துக்கே ஒரு சரித்திரம் உண்டு. 1980-ல் அங்கே சிட்டிங் செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ். குடியரசுக் கட்சிப் பிரைமரியில் டி'அமாட்டோ அவரைத் தோற்கடிச்சாரு. ஜாவிட்ஸ் விடாம லிபரல் கட்சிப் பேரில் நவம்பரிலும் நின்னாரு. ஓட்டு மூணாப் பிரிஞ்சு, ஜனநாயகக் கட்சி ஹோல்ட்ஸ்மேன் அம்மா கொஞ்ச ஓட்டில் தோத்து, டி'அமாட்டோ வந்தாரு. அந்த டி'அமாட்டோவை 1998-ல் தோற்கடிச்சவர்தான் ஷூமர்.

என்கிட்ட கேட்டா, அந்த ஒகாசியோ-கோர்டெஸ் பிள்ளை செனட்டுக்கு நிக்கணும். 2018-ல் ஜோ க்ரௌலிங்கிற கட்சிப் பெரும்புள்ளியைப் பிரைமரியில் வீழ்த்தி வந்தவங்க அவங்க. 2025 மார்ச்சில் குடியரசுக் கட்சியின் நிதி மசோதாவுக்கு ஷூமர் வழிவிட்டதில் கட்சித் தொண்டர்களுக்கு இருக்கிற கோபம் நிஜமான கோபம், அதுக்கு ஒரு வாக்குச்சீட்டு வேணும். அதிபர் ஆசை இருந்தா அதுக்கு விலை கொடுக்க வேண்டி வரும். அவங்க பிறந்தது 1989-ல், இன்னும் எத்தனையோ தேர்தல் பாக்கலாம்.

குலசேகரம் டீச்சர்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. பிள்ளைகளுக்கு அந்த ஏழு பேர் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடப் போறேன். தங்கச்சி விஷயம் மட்டும் ஒண்ணு. கட்சிப் பேரை எழுதினா வேலைக்கு ஏதும் பிரச்சினை வருமோன்னு பயப்படுதா. காலியா விட்டுட்டா நவம்பரில் ஓட்டுப் போட முடியும்லா?

இரணியல் ராஜன்:

நவம்பரில் தாராளமாப் போடலாம். பிரைமரியில் முடியாது. நியூயார்க்கில் அந்தந்தக் கட்சியில் பதிஞ்சவங்களுக்கு மட்டும்தான் அந்தப் பிரைமரி. இல்லினாயில் அன்னைக்கு வாக்குச்சாவடியிலேயே எந்தக் கட்சிச் சீட்டு வேணும்னு கேட்டு வாங்கிக்கலாம், நியூயார்க்கில் அது கிடையாது. இப்போ காலியா விட்டுட்டுப் பிறகு மாத்திக்கலாம்னாலும் கெடு பிப்ரவரி நடுவிலேயே முடிஞ்சிடும்.

குயின்ஸில் பல இடத்தில் ஜூனிலேயே முக்கால்வாசி முடிவு தெரிஞ்சிடும். 2025-ல் மேயர் தேர்தலையே பாருங்க. ஜூன் பிரைமரியில் மம்தானி முன்னாள் கவர்னர் குவோமோவைத் தோற்கடிச்சாரு. குவோமோ நவம்பரில் சுயேச்சையா நின்னும் ஜெயிக்க முடியலை.

எந்தக் கட்சியில் பதிஞ்சிருக்கான்னு பட்டியலில் தெரியும், மறைக்க முடியாது. ஆனா யாருக்குப் போட்டான்னு யாருக்கும் தெரியாது. சந்தா கிடையாது, கூட்டத்துக்குப் போகணும்னும் இல்லை. என் வீட்டுக்காரி நர்ஸா இருந்துகிட்டே வருஷக்கணக்கா பிரைமரியில் ஓட்டுப் போட்டா, வேலைக்கு ஒரு குறையும் வரலை. அந்தக் கட்டத்தை நிரப்பிட்டே படிவத்தை அனுப்பச் சொல்லுங்க. வேற சந்தேகம் இருந்தா அவளையே இங்கே எழுதச் சொல்லுங்க, நான் பார்த்துப் பதில் போடுதேன்.