ரெஸ்யூமில் விட்ட 81 நாள் வேலை, பின்னணி சரிபார்ப்பு (பிஜிவி) ஃபார்மில் என்ன எழுதுவது?

கேள்வி:
சென்னையில் அக்கவுன்ட்ஸ் வேலை. ரெஸ்யூமில் இரண்டு கம்பெனிதான் போட்டிருக்கிறேன்: 2019–2023 ஒன்று, 2023 முதல் இப்போதுள்ளது. நடுவில் 2023 மார்ச் 6 முதல் மே 25 வரை வேறொரு இடத்தில் இருந்தேன். ரிலீவிங் லெட்டர் (விடுவிப்புக் கடிதம்) வாங்கவில்லை, அதனால் எழுதவில்லை. இப்போது ஆஃபர் வந்து, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஃபார்மில் யுஏஎன் (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பணும். காட்டணுமா?

பதில் 1:
காட்டிவிடுங்கள். ஆனால் ஃபார்மைத் தொடும் முன் இபிஎஃப்ஓ (பி.எஃப். அமைப்பு) மெம்பர் போர்ட்டலில் 'வியூ' போய் 'சர்வீஸ் ஹிஸ்டரி' பாருங்கள். யுஏஎன் ஒன்றுதான், அதற்குக் கீழே ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி மெம்பர் ஐடி, சேர்ந்த தேதி, விலகிய தேதி இருக்கும். சரிபார்க்கும் ஏஜென்சி இதைத்தான் உங்கள் ஃபார்மோடு வரிக்கு வரி ஒப்பிடும். பி.எஃப். பிடிக்காத இடம் இங்கே வராது. அப்போது 2022-23, 2023-24 இரண்டு வருட 26ஏஎஸ்ஸையும் (உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரி அறிக்கை) திறந்து பாருங்கள். சம்பளத்தில் டிடிஎஸ் (வரி) பிடித்திருந்தால் கம்பெனி பெயர் சம்பளத்துக்கான 192ஆம் பிரிவில் இருக்கும்.

பதில் 2:
ரெஸ்யூம் வேறு, ஃபார்ம் வேறு. ரெஸ்யூமில் எதை எடுத்துச் சொல்வது என்பது உங்கள் இஷ்டம். சின்ன வேலையை விட்டதைப் பொதுவாகப் பெரிதாக எடுக்க மாட்டார்கள். ஃபார்மில் 'எல்லா வேலைகளும்' என்று கேட்டு, கீழே 'மேற்கண்டவை உண்மை' என்று கையெழுத்தும் வாங்குகிறார்கள். அங்கே விட்டால் மறைத்ததாகிவிடும்.

ஃபார்ம் அனுப்பும் முன் எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: "2023 மார்ச் 6 முதல் மே 25 வரை இன்ன நிறுவனத்தில் பணியாற்றினேன். குறுகிய காலம் என்பதால் ரெஸ்யூமில் சேர்க்கவில்லை. ரிலீவிங் லெட்டர் இல்லை; அப்பாயின்ட்மென்ட் லெட்டர், பே ஸ்லிப், சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட், ராஜினாமா மெயில் இணைத்துள்ளேன். திருத்திய ரெஸ்யூமும் உடன் உள்ளது." இவ்வளவு போதும். காரணத்தை நீட்டி விளக்க வேண்டாம்.

கேட்டவர்:
முதல் கம்பெனி தேதியையே மே வரை நீட்டிப் போட்டால்?

பதில் 2:
வேண்டவே வேண்டாம். அந்த கம்பெனி எச்.ஆர். தன் பதிவில் உள்ள கடைசி நாளைத்தான் சொல்வார். விடுபட்ட வேலைக்கு விளக்கம் கொடுக்கலாம், மாற்றிய தேதிக்கு என்ன சொல்வீர்கள்? காசு கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்குவது அதைவிட மோசம். போலி என்று தெரிந்தால் சேர்ந்த பிறகும் வேலை போகும்.

இன்னொருவர்:
இதே இடத்தில் இன்னொரு சந்தேகம். இரண்டு அரியர் வைத்து பாஸ் செய்ததை ரெஸ்யூமில் போடவில்லை, பரவாயில்லையா?

பதில் 1:
ரெஸ்யூமில் தேவையில்லை. ஃபார்மில் 'அரியர் ஹிஸ்டரி' என்று தனியாகக் கேட்டால் மட்டும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். செமஸ்டர் மார்க் ஷீட்டில் தெரிந்துவிடும்.

கேட்டவர்:
சர்வீஸ் ஹிஸ்டரி பார்த்தேன். அந்த கம்பெனி இருக்கிறது, ஆனால் விலகிய தேதி காலி.

பதில் 1:
கவனிக்க வேண்டியது இதுதான். தேதி காலியாக இருந்தால் இன்றுவரை இரண்டு இடத்தில் வேலை பார்ப்பதுபோல் ஏஜென்சிக்குத் தெரியும். நீங்களே போடலாம்: 'மேனேஜ்', 'மார்க் எக்ஸிட்', மெம்பர் ஐடியைத் தேர்ந்தெடுத்து தேதி, காரணம் கொடுத்து ஆதார் ஓடிபி. கடைசி பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் கடந்திருக்க வேண்டும், உங்களுக்கு எப்போதோ கடந்துவிட்டது.

முதலில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து கடைசிப் பங்களிப்பு எந்த மாதம் என்று பாருங்கள். அந்த மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் போர்ட்டல் ஏற்கும். மே மாதப் பணம் கட்டியிருந்தால் 25 போடுங்கள். ஏப்ரலோடு நிறுத்தியிருந்தால் ஏப்ரல் 30தான் போக முடியும். ஃபார்மில் உண்மையான மே 25ஐயே எழுதி, இந்த வித்தியாசத்தை மெயிலில் ஒரு வரியாகச் சேருங்கள். தேதியை இரண்டு முறை சரிபார்த்து ஓடிபி போடுங்கள், தப்பாகிவிட்டால் மாற்ற ஜாயின்ட் டிக்ளரேஷன் (நீங்களும் கம்பெனியும் சேர்ந்து தரும் திருத்த விண்ணப்பம்) வரை போக வேண்டியிருக்கும். முடிந்ததும் சர்வீஸ் ஹிஸ்டரி பக்கத்தை பிடிஎஃப் எடுத்து மெயிலோடு வையுங்கள்.